சோலார் போடுமுன் ஈ.பி. கார்டைப் பாருங்கள்: செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கும் ஊர்ச் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார், ஆச்சிமார், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும்,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய வீட்டின் ஒரு பங்கில் வருடம் முழுக்கக் குடியிருக்கிறவன் நான். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் யாராவது "லாபம்" என்றால் உடனே பென்சிலைத் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கொஞ்ச நாளாக நம் பக்கத்து ஊர்களில் ஒரே பேச்சு. பங்காளிகள் எல்லோருக்கும் சொந்தமான பொது வீட்டு மேல்தளத்தில் 10 கிலோவாட் சோலார் போட்டுவிடலாம், மத்திய அரசு மானியம் தருகிறது, 2026-27 நிதியாண்டோடு திட்டம் முடிகிறது, சீக்கிரம் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று. நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. மறுநாளே கட்டைவிரல் குறியாக விழுந்துகொண்டிருந்தது. போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டைப் பார்த்து வருடக்கணக்காகிறது.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. நம் பக்கத்து வெயிலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒரு கிலோவாட் பலகை நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், கோடையில் அதற்கு மேலும் தரும். வெயில் இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் கரண்டைச் செலவழிக்க வீட்டில் ஆள் வேண்டும். நம் ஊர்க் கணக்கு உதைப்பது அந்த இடத்தில்தான்.

பொது வீட்டின் ரீடிங்கைப் பாருங்கள். முகப்பில் ஒரு விளக்கு, பூஜை அறையில் ஒன்று, காவலுக்கு இருக்கும் குடும்பத்தின் ஃபேன், வாரத்துக்கு இரண்டு முறை ஓடும் மோட்டார். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தையும் 2022-லேயே எடுத்துவிட்டார்கள். ஆக, வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் பில் சைபர். சைபரிலிருந்து எதைக் குறைப்பது?

"கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வந்தால் பில் எகிறுகிறதே" என்று சிங்கப்பூரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதையும் போட்டுப் பார்க்கலாம். 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பின், அரசு மானியம் போக நாம் கட்டும் விலையில் கணக்குப் போடுகிறேன். விலை மாறினால் கணக்கும் மாறும். ஒரு விசேஷத்துக்காக இரண்டு மாதத்தில் 1,200 யூனிட் ஓடினால் பில் சுமார் 9,200 ரூபாய். வருடத்துக்கு இரண்டு விசேஷம் என்று தாராளமாக வைத்தாலும் 18,400. அடுத்த பக்கம், 10 கிலோவாட்டுக்கு ஆறு லட்சம் ரூபாயை ஒட்டி விலை சொல்கிறார்கள். மானியம் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000-க்கு மேல் கிடையாது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதோடு கதவு மூடிவிடும். மீதி 5,22,000 நம் கைக்காசு. அதை ஏழு சதவீதத்துக்கு டெபாசிட் போட்டாலே வருடத்துக்கு 36,500 வருகிறது. அதாவது மிச்சமாகும் பில்லைப் போல இரண்டு பங்கு நாம் விடும் வட்டி. வட்டிக்கே காணாத முதலீட்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், அதுவும் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்துப் பிழைத்தவர்களின் பேரன்களிடம்!

மிஞ்சும் கரண்டை மின்வாரியத்துக்கு விற்கலாமே என்பது அடுத்த வாதம். வாங்கிய கரண்டையும் கொடுத்த கரண்டையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டரில் உபரி வரவாகும், வேறு மாதத்துச் செலவில் கழியும், உண்மைதான். ஆனால் 10 கிலோவாட் இரண்டு மாதத்தில் 2,400 யூனிட் உற்பத்தி செய்யும், நாம் செலவழிப்பது நூறு. மிச்சத்துக்கு நாம் வாங்கும் விலையை வாரியம் நமக்குத் தராது. வீட்டுச் செலவைக் குறைக்கப் போட்ட திட்டம் இது. கரண்ட் விற்றுச் சம்பாதிக்க நினைப்பவர் வேறு தொழில் பார்க்கலாம்.

அப்புறம் கூரை.

நம் வீட்டின் மேல் ஏறி எத்தனை பேர் நடந்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு, அதன் கீழே தேக்குச் சட்டம். முகப்பின் மேல் மட்டும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து இறுக்கிய தளம். கான்கிரீட் இல்லை அது. உள்ளே கம்பி கிடையாது. இதில் பலகைச் சட்டத்துக்கு போல்ட் இறக்க ஒரு துளை போட்டால், முதல் மழையில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மழையில் கீழே உத்தரம் கறுக்க ஆரம்பிக்கும். என் சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. போட்டுக் கொடுத்தவர்கள் "எங்கள் வேலை பலகை மட்டும், கூரைக்குப் பொறுப்பில்லை" என்று ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து அடைப்பதற்குள் மானியப் பணம் அதிலேயே கரைந்துவிட்டது. துளை போடாமல் கான்கிரீட் கட்டையை வைத்து பாரம் கொடுத்து நிறுத்தலாம் என்கிறார்கள். நூறு வருட உத்தரத்தின் மேல் அந்த பாரத்தை ஏற்ற, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் பொறியாளர் ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ஓட்டின் மேலோ, பேச்சே வேண்டாம். 540 வாட் பலகை ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. பலகை தாங்குகிறதா என்பதைவிட, அதைக் கழுவ மாதத்துக்கு இரண்டு முறை ஓட்டின் மேல் நடக்கும் ஆளை ஓடு தாங்காது என்பதுதான் விஷயம். கழுவாமல் விட முடியாது. செம்மண் புழுதி ஒரு பக்கம், மயில் எச்சம் ஒரு பக்கம். போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை படிந்து கண்ணாடி மங்கும். வெயில் ஏறிய பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, விடியற்காலையில் செய்ய வேண்டும். பூட்டிக்கிடக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் செய்வார்?

நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகைகளை வரிசையாக ஒன்றோடு ஒன்று இணைத்திருப்பார்கள். பலகையின் டி.சி. கரண்டை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். சாதாரண இன்வெர்ட்டரில், ஒரு பலகையின் மேல் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும். முகப்பின் மேல் நிற்கும் கஜலட்சுமியும் சுதைச் சிப்பாய்களும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நிற்கிறார்கள், ஆனால் காலையிலும் மாலையிலும் அவர்கள் நிழல் தளத்தின் பாதி தூரம் நீளும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் அந்தச் சுதை வரிசைக்கு மேலே நீலப் பலகை தெரிவது என் கண்ணுக்கு ஒப்பவில்லை. ரசனை சமாச்சாரம், இதை வைத்து யாரும் ஓட்டுப் போட வேண்டாம்.

விற்க வருகிறவர்கள் வாயே திறக்காத செலவு ஒன்று உண்டு: வயரிங். பழைய சுவிட்சுப் பலகையை ஒரு முறை திறந்து பாருங்கள். பீங்கான் ப்யூஸ் கேரியர், மரச் சட்டத்துக்குள் ஓடும் துணி சுற்றிய வயர், எர்த் என்ற பேச்சே இல்லாத மூன்று முனைப் பிளக். சோலாருக்கு முறையான எர்த்திங் வேண்டும்: இடிதாங்கிக்கு ஒன்று, டி.சி. பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று. நம் ஊர்ச் செம்புறாங்கல் மண் கோடையில் எலும்பாய்க் காய்ந்துவிடும், சாதாரணக் குழி எர்த் பிடிக்காது. வயரிங்கை மாற்றாமல் சோலார் போடுவது அபாயம். மாற்றினால் அந்தச் செலவு தனி.

கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று நினைத்துக் கட்டைவிரல் காட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கம்பத்தில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் வயர்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில், பலகை முழுக்க வெளிச்சம் இருக்க, வீட்டில் ஃபேன் நிற்கும். இதற்கு மேல் வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டும். அதற்குத் தனி விலை, கூடுதல் மானியம் கிடையாது.

கையெழுத்துப் பிரச்சினையைச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போகும். பல பொது வீடுகளில் இணைப்பு இன்னும் ஐயா (தாத்தா) பெயரில் இருக்கிறது, அவர் காலமாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மாற்ற வாரிசுச் சான்று, எல்லாப் பங்காளியின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஒருவர் அமெரிக்கா, ஒருவர் மலேசியா, ஒருவர் கோபத்தில் பேசுவதில்லை. மானியம் விண்ணப்பித்த ஒருவரின் வங்கிக் கணக்கில்தான் விழும். முதலில் முழுப் பணத்தையும் கட்டி, வேலை முடிந்து, மீட்டர் மாற்றிய பிறகு. அந்த 78,000-ஐ எப்படிப் பங்கு பிரிப்பது என்று ஒரு கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

சரி, அப்படியானால் சோலாரே வேண்டாமா? வேண்டும். பொது வீட்டு ஓட்டில் போடுவதை விட்டுவிட்டு ஆள் குடியிருக்கும் வீட்டில் போடுங்கள் என்கிறேன்.

நம் ஊர்களில் வருடம் முழுக்க இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, அதைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்ட புது வீடுகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பெரிய வீட்டின் பின்னால் ஒரு சிறு கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவர்களும் உண்டு, பெரும்பாலும் தனியாக இருக்கும் அப்பத்தாக்கள். அவர்கள் பில்லைப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். இரண்டு ஏ.சி., ஃப்ரிட்ஜ், மோட்டார், கீசர். பில் சுமார் 5,800. அங்கே மூன்று கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும், நிகரமாக நிற்பது 180, பில் இருநூறுக்குள். மிச்சம் வருடத்துக்கு 33,000-க்கு மேல். இரண்டு லட்சம் விலையில் மானியம் போக 1,22,000. நான்கு வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். பலகைக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். நடுவில் இன்வெர்ட்டரை ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே பார்த்தாலும் நல்ல முதலீடு.

500 யூனிட் வீடென்றால் பில் 1,800 சொச்சம். இரண்டு கிலோவாட் போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். 75,000 ரூபாய் கைக்காசு திரும்ப ஏழு வருடம். 300 யூனிட் வீட்டில் பில்லே 700 ரூபாய்தான். ஒரு கிலோவாட்டுக்கு 40,000 போட்டால் திரும்ப ஒன்பது, பத்து வருடம் ஆகும். அங்கே நான் அவசரப்பட மாட்டேன். முதலில் பழைய 75 வாட் ஃபேன்களை மாற்றி, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் போடச் சொல்வேன்.

இவ்வளவு வித்தியாசம் ஏன் வருகிறது என்றால், நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இருநூறு யூனிட்டுக்குள் 2.35 ரூபாய் கட்டுகிறவர், ஆயிரத்துக்கு மேல் போனால் 11.55 கட்டுகிறார். ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகையும் பறிபோய், 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும். சோலார் தரும் ஒவ்வொரு யூனிட்டும் பில்லின் மேல்படியிலிருந்து கழியும், அதாவது விலை கூடிய யூனிட்தான் முதலில் போகும். அதனால்தான் நிறையச் செலவழிக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் கட்டுபடியாகிறது, குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு நாளாகிறது, ஒன்றுமே செலவழிக்காத வீட்டுக்குக் கட்டுபடியாவதே இல்லை. பெரிய வீட்டை ஹோட்டலாக நடத்துபவர்கள் கணக்கு வேறு. அவர்கள் வணிக இணைப்பு, இந்த மானியம் கிடையாது, ஆனால் பகலிலேயே ஏ.சி. ஓடுவதால் மானியம் இல்லாமலும் அவர்களுக்குக் கட்டுபடியாகலாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஊர்ச் சங்கத்தாருக்கு இதில் என் வேண்டுகோள் இருக்கிறது. பொது வீடு ஒன்றுக்கு ஐந்து லட்சம் திரட்டுகிற கை, அதே பணத்தைச் சுழல் நிதியாக வைக்கட்டும். ஊரில் நிரந்தரமாக இருக்கும், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும், சொந்தப் பெயரில் இணைப்பும் கான்கிரீட் தளமும் உள்ள புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, கடனாகக் கொடுங்கள். மானியம் வந்ததும் அந்தத் தொகை உடனே நிதிக்குத் திரும்ப வேண்டும். மீதியை, முன்பு கட்டிய பில் தொகையையே தவணையாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டட்டும். கடன் வாங்கியவருக்குக் கைச்செலவு அதிகமாகாது, நிதியும் கரையாது. குறைந்த வட்டி வைத்தாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. வங்கியிலும் அடமானம் இல்லாமல் இதற்குக் கடன் உண்டு, ஆனால் எழுபது வயது அப்பத்தாவை வங்கி வாசலில் ஏற்றி இறக்குவதைவிடச் சங்கத்துக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்குவது சுலபம்.

விலை பேசுவதையும் சங்கம் செய்யட்டும். பத்து வீட்டுக்குச் சேர்த்துப் பேசினால் விலை இறங்கும். இந்தியாவில் செய்த செல் உள்ள டி.சி.ஆர். பலகைக்குத்தான் மானியம். மலிவாகச் சொல்கிறார்களே என்று வேறு பலகை வாங்கினால் பிறகு தலையில் கை வைக்க வேண்டியதுதான். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை நீட்டுகிறவரிடம் அதைக் கேளுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, கழுவுவது நம் பொறுப்பு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதையும்.

இன்னொன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அவர்கள் வேலை. வீட்டுக்கு வந்து சோலார் மாட்டித் தர மாட்டார்கள்தான். ஆனால் எந்தப் பேட்டரி நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும், எதை வீட்டுக்குள் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஒரு நாள் வந்து பேசும்படி சங்கம் முறையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ராத்திரி கரண்ட் போவதுதான் பெரிய பயம். அவர்களுக்கு மட்டுமாவது ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்துப் போடும்படி நிதியில் இடம் வையுங்கள். அந்தக் கூடுதல் செலவு வட்டிக் கணக்கில் ஈடாகாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

பொது வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதே பணத்தில் ஒரு பகுதி போதும்: வயரிங்கை மாற்றுங்கள், எர்த் போடுங்கள், முகப்பு விளக்குகளை எல்.இ.டி. ஆக்குங்கள், ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள். வருகிற படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லோரும் வருவீர்கள். அப்போது கடந்த ஒரு வருடத்து ஆறு ரீடிங்கையும் நகல் எடுத்து வளவில் வைக்கிறேன். அவரவர் வீட்டு ரீடிங்கையும் செல்போனில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். அதுவரை 10 கிலோவாட் தாளில் என் கையெழுத்து விழாது. பணம் கட்டும் தேதியை அதற்குப் பின்னால் தள்ளி வைக்கும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பங்காளி